சால்வைக்குள் பதினாறு

நசீர் அகமது சால்வைக்குள் எதையோ மறைக்கிறான் என்று முதலில் சொன்னவன் வேதாசலம். ஒரே பெஞ்சில் உட்காருகிறவன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள், கண்ணுகளா?

வேலூரில் ஒரு கல்லூரி. இன்டர்மீடியட்டில் சரித்திரம் எடுத்தவர்களில் கணக்கு வராதவர்களுக்கென்று ஒரு சாயங்கால வகுப்பு. நடத்தியவர் பஞ்சாட்சரம். அதில் தேறாதவனைப் பெரிய பரீட்சைக்கு அனுப்பமாட்டார்கள். காப்பியடித்தவனைக் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

நசீர் ஆம்பூரில் ஒரு தோல் தரகர் மகன். சுல்தான்களின் வரிசையைத் தூக்கத்திலும் சொல்வான். பின்னம் என்றால் மட்டும் தடுமாற்றம். எட்டில் ஐந்தையும் பதினாறில் மூன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, இருபத்துநாலில் எட்டு என்று எழுதிவைப்பான்.

"கூட்டினப்புறம் கம்மியாயிடுச்சே, அது எப்படிடா?" என்று கேட்டால், இன்னொரு தடவை கூட்டி அதையே எழுதுவான்.

அப்படிப்பட்டவன், மார்கழிக் குளிருக்குச் சால்வை போர்த்த ஆரம்பித்ததும் எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டுவிட்டான். தாளில் போட்ட வழி ஒரு வரிகூட இல்லை. விடை மட்டும்.

பஞ்சாட்சரத்துக்கு உறுத்தியது. அடுத்த சோதனையன்று ஜன்னலோரம் நின்று கவனித்தார். வலது கை எழுதுகிறது. இடது கை சால்வைக்குள். அங்கே ஏதோ அசைகிறது, நிற்கிறது, மறுபடி அசைகிறது. விறுவிறுவென்று போய்ச் சால்வையை இழுத்தார். துண்டுத்தாள் ஒன்றும் விழவில்லை. வெறும் கை. கட்டைவிரல் மோதிரவிரலைத் தொட்டபடி நின்றிருந்தது.

அவருக்குச் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியானது. தோல் மண்டியில் விலையை வாயால் பேசமாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே பேரத்தை முடிப்பார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. தரகர் மகனுக்கு அந்த வித்தை வராதா?

"யாருடா உன் விரலைப் பிடிச்சி விடை சொல்றது? வேதாசலமா?"

"ஐயோ சார்!" வேதாசலம் எழுந்தே நின்றுவிட்டான். "உங்ககிட்ட சொன்னதே நான்தானே!"

"மாட்டிக்கக் கூடாதுன்னு முந்திக்கிட்டியோ என்னமோ. நசீர், முக்காலும் பதினாறுல ஒண்ணும் எவ்வளவு? வாயால சொல்லு."

நசீரின் இடது கை முதுகுக்குப் பின்னால் போனது.

"கையை முன்னால வை!"

கை முன்னால் வந்தது. விடை வரவில்லை.

"உன் பேரைப் பிரின்சிபாலுக்கு அனுப்பப் போறேன்."

நசீர் அவர் கையிலிருந்த சால்வையைப் பார்த்தான். "கை வெளிய இருந்தா எனக்கு எண்ண வராது சார். மண்டியில விரல் தெரிஞ்சா அத்தா அங்கயே அடிப்பாரு. ஒரு விரல்ல மூணு கணு, ஒரு நுனி. நாலு விரலுக்குப் பதினாறு. ஒரு விரல் கால், ரெண்டு விரல் அரை. கட்டைவிரலால தொட்டுக்கிட்டே போவேன்."

"கதை வுடறான் சார்," என்றான் வேதாசலம், குரலைக் குறைத்து.

பஞ்சாட்சரம் இருவர் தாளையும் எடுத்தார். ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பினால், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நிரம்பும் என்பது கடைசிக் கணக்கு. வேதாசலம் மூன்றில் ஒன்று என்று எழுதியிருந்தான். நசீர் எழுதியிருந்தது பதினாறில் ஐந்தேகால்.

"இது என்னடா, அஞ்சேகால்?"

"நாலு விரலை மூணு பங்கு போட முடியல சார். அஞ்சுக்குக் கொஞ்சம் மேல வந்துச்சி. கால்னு வெச்சிட்டேன்."

நீங்களே சொல்லுங்கள், பக்கத்தில் சரியான விடை இருக்கும்போது இப்படி ஒரு தப்பை யாராவது திருடுவார்களா? பஞ்சாட்சரமும் அதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றார். பிறகு சால்வையை அவன் மடியில் போட்டார்.

"பேரை அனுப்பல. ஆனா பெரிய பரீட்சையில நிக்கிறவருக்கு உன்னைத் தெரியாது. சால்வைக்குள்ள கை அசைஞ்சா தாளைப் பிடுங்கிடுவாரு. மேசைமேல வெச்சி எண்ணு. முக்காலும் பதினாறுல ஒண்ணும், இப்ப சொல்லு."

நசீர் கையை மேசைமேல் வைத்தான். விரல்கள் விரியவே நேரமாயிற்று. கட்டைவிரல் மூன்று விரல்களைத் தாண்டி, சுண்டுவிரலின் முதல் கணுவில் நின்றது.

"பதினாறுல பதிமூணு சார்."

வேதாசலம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "டேய், நுனியை விட்டுட்டு எண்ணு. பன்னெண்டு வரும். மூணு பங்கு போட்டா ஒரு பங்குக்கு நாலு."

நசீர் தொட்டுப் பார்த்தான். சரியாகத்தான் வந்தது. வேதாசலத்தை ஏற இறங்கப் பார்த்தான்.

"இப்ப இன்னாத்துக்கு எனக்குச் சொல்ற?"

"சும்மாதான்."

கை மேசைமேல்தான் இருந்தது. வேதாசலம் உட்கார்ந்த பக்கம் மட்டும், சரித்திரப் புத்தகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டான் நசீர்.