பத்துக் கோழிக்குத் தண்ணீர்

பத்தும் வெள்ளை. கொண்டை மட்டும் சிவப்பு.

மாசி மாதத்தில் பிளாக் ஆபீஸ் ஜீப்பில் வந்து வடகரப்பதியில் இறங்கின. கூடவே ஒரு காகிதம் வந்தது. கேரளம் பிறந்து ஒரு வருஷம் கடந்திருந்தது, காகிதம் மலையாளத்தில் இருந்தது. அதில் மருதாத்தாளின் பெயர் இருந்தது. காடு, கிணறு, மாடு எல்லாம் அவள் கணவன் வெங்கிடாசலத்தின் பெயரில். கோழி மட்டும் அவள் பெயரில்.

வாசித்துச் சொன்னவர் கோழி வளர்ப்பு அலுவலர் சாம்பசிவன். கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். முட்டை தின்றதில்லை. கோழியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும், இது உட்காராது, இட்டுக்கொண்டே இருக்கும் என்றார். ஆனால் இரண்டு மாதம் பார்த்துத்தான் முடிவு. தீனித் தொட்டியும் தண்ணீர்ப் பாத்திரமும் ஒழுங்காக அமைய வேண்டும். கோழி அவற்றில் ஏறி நிற்கக் கூடாது, எச்சமிடக் கூடாது. பார்க்க வரும் நாளில் தம் கண்முன்னே பத்தும் தின்ன வேண்டும், பத்தும் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழிகள் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போகும்.

அடுத்த பெயர் பக்கத்து வீட்டுச் செபமாலையம்மாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தீனித் தொட்டி எளிதாக அமைந்தது. வெங்கிடாசலம் ஒரு பனந்துண்டைப் பிளந்து குடைந்தான். மாட்டுக்குச் செய்வதைவிடச் சிறிது, அவ்வளவுதான். கோழிகள் உள்ளே ஏறி நின்று தின்றன. ஒன்று அதிலேயே படுத்துத் தூங்கியது. மருதாத்தாள் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு தொட்டியின் மேலே நீளவாக்கில் ஒரு குச்சியை, தொட்டால் உருளும்படி, இரண்டு முனையிலும் ஆணி அடித்துப் பொருத்தச் சொன்னாள். ஏறிய கோழி குச்சியோடு சுழன்று கீழே விழுந்தது. எழுந்து தொட்டியைப் பார்த்தது. மறுபடி ஏறி மறுபடி விழுந்தது. மருதாத்தாளும் வெங்கிடாசலமும் சிரித்த சிரிப்பில் அன்று சோளக்கூழ் அடிப்பிடித்தது. மூன்றாம் நாள் பத்தும் தரையில் நின்று, பந்திக்கு வந்தவர்கள் மாதிரி, இந்தப் பக்கம் ஐந்தும் அந்தப் பக்கம் ஐந்துமாகத் தின்றன.

தண்ணீர்தான் அமையவில்லை.

முதலில் மண்சட்டி வைத்தாள். அதில் நின்றன, அதில் எச்சமிட்டன, அதையே குடித்தன. வேலந்தாவளத்தில் குஞ்சு முகம்மதின் இரும்புக் கடைக்குப் போனாள். அவர் விளிம்பில் துளை போட்ட ஒரு தகர டப்பாவில் தண்ணீர் நிரப்பி, தட்டால் மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். தட்டில் ஒரு விரல் உயரம் தண்ணீர் வந்து நின்றுவிட்டது. கையால் அள்ளினால் அள்ளிய அளவு மறுபடி இறங்கியது. மருதாத்தாள் மூன்று தடவை செய்து காட்டச் சொன்னாள். கடைக்கு வந்தவர்கள் நாலாவது தடவை கேட்டார்கள்.

வீட்டில் வெயில் ஏறியதும் தகரம் கொதித்தது. தண்ணீர் உலைத் தண்ணீர் ஆனது. கோழிகள் அலகை வைத்து உதறிவிட்டுப் போய்விட்டன. டப்பாவைத் திருப்பிக் கொடுத்தபோது குஞ்சு முகம்மது தகராறு செய்யவில்லை.

"கோழி வேணாமுன்னுட்டா நான் எந்தக் கோழிகிட்டப் போயி வழக்குச் சொல்றது தங்கச்சி," என்றார்.

குயவரிடம் சொல்லி அதையே மண்ணில் செய்துவாங்கினாள். பக்கவாட்டில் ஒரு துளை போட்ட கலயம், கீழே ஒரு தட்டு. தண்ணீர் குளிர்ச்சியாக நின்றது. அதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்றைக்கே வெங்கிடாசலத்துக்கும் ஒரு யோசனை வந்துவிட்டது.

அவன் கிணற்றில் கவலை ஏற்றம் ஓட்டுபவன். இரண்டு மாடு, ஒரு வடக்கயிறு, ஒரு தோல் சால். மாடுகள் சரிவில் இறங்கும்போது உருளை கிரீச்சிட, சால் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். காலையிலும் மாலையிலும் இறைப்பு உண்டு. வாய்க்காலில் ஒரு பிரிவு வெட்டிக் கோழிப்பட்டி வழியாகத் திருப்பிவிட்டான். ஓடுகிற தண்ணீர். அழுக்குத் தங்காது, நிரப்பும் வேலை இல்லை.

நாலே நாளில் கோழிகள் உருளையின் சத்தத்தைக் கற்றுக்கொண்டன. முதல் கிரீச்சுக்குப் பத்துத் தலையும் நிமிரும். சிறகை விரித்துக்கொண்டு ஒன்றையொன்று முந்தி ஓடி, தண்ணீர் வருவதற்கு முன்பே வாய்க்கால் கரையில் வரிசையாக நிற்கும். ஊரில் பாதிப்பேர் வந்து பார்த்தார்கள். செபமாலையம்மாள் தினமும் பார்த்தாள். அவற்றில் மூன்றுக்குப் பெயரும் வைத்திருந்தாள். மண் கலயத்தை ஒரு கோழியும் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் சிலந்தி குடியேறியது. இதுதான் நம் தண்ணீர்ப் பாத்திரம் என்று மருதாத்தாளும் ஒப்புக்கொண்டாள்.

வாய்க்கால் வெட்டிய இருபதாம் நாள் தபால் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை சாம்பசிவன் வருகிறார். மருதாத்தாள் விரலை மடக்கி எண்ணினாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவனும் எண்ணி முடித்திருந்தான்.

வெள்ளிக்கிழமை அமாவாசை.

அந்தப் பக்கத்தில் அமாவாசையன்று யாரும் மாடு பூட்டுவதில்லை. மாடுகளைக் குளிப்பாட்டிப் புல் போட்டு விட்டுவிடுவார்கள். பயிர் வாடினாலும் வாடட்டும். அவன் பூட்டமாட்டான், அவளும் கேட்கமாட்டாள். கவலை ஓடாத நாள் ஒன்று மாதாமாதம் வரும் என்பது தண்ணீர்ப் பாத்திரம் தேடிய அலைச்சலில் இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

ஐந்து நாள் இருந்தது. பட்டிக்குள் வரும் வாய்க்காலை அடைத்துவிட்டுக் கலயத்தை முன்னால் வைத்தாள். கோழிகள் காய்ந்த வாய்க்காலில் போய் நின்றன. மாலை இறைப்புவரை நின்றன. அலகைத் திறந்துகொண்டு நின்றதைப் பார்க்கச் சகிக்காமல் அவளே மண்வெட்டியால் அடைப்பை வெட்டிவிட்டாள். மறுநாளும் இதே கதை.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குச் சாம்பசிவன் குடையோடு வந்தார். இரண்டு மணிக்கு அவருக்குத் திரும்புகிற பஸ். தீனித் தொட்டியை அடிக்கோல் வைத்து அளந்தார். உருளும் குச்சியை விரலால் தட்டினார். இன்னொரு முறை தட்டினார். பத்தும் தின்றன. இதை மற்ற ஊர்களிலும் சொல்லப்போவதாகச் சொன்னார்.

தண்ணீருக்கு வந்தார்கள். மருதாத்தாள் கலயத்தை நிரப்பி வைத்தாள். கோழிகள் அதைச் சுற்றிக்கொண்டு வாய்க்காலுக்குப் போயின. கால் மணி ஆனது. அரை மணி ஆனது. வேலிக்கு அந்தப் பக்கம் செபமாலையம்மாள் கூடையோடு நின்றாள். கூடை சும்மாதான், சாணி அள்ளக் கொண்டுவந்தேன் என்றாள்.

"சாணிக்கு எதுக்குப் புள்ள அடியில துணி விரிச்சிருக்கறே?" என்று கேட்டாள் மருதாத்தாள்.

பன்னிரண்டு மணிக்குச் சாம்பசிவன் காகிதத்தை எடுத்தார். மருதாத்தாள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். கவலை ஓடினால்தான் குடிக்கும்.

"அப்படீன்னா ஓட்டச் சொல்லுங்கோ."

"இன்னைக்கு அமாவாசைங்க."

சாம்பசிவன் பேனாவை மூடினார். காலையில் ஆற்றில் குளித்துத் தர்ப்பணம் முடித்துவிட்டுத்தான் அவர் பஸ் ஏறியிருந்தார். மாட்டைப் பூட்டு என்று அவரால் சொல்ல முடியவில்லை. குடித்தது என்று எழுதவும் முடியவில்லை. கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதுவரை குத்தவைத்திருந்த வெங்கிடாசலம் எழுந்தான்.

"மாட்டுக்குத்தானுங்க லீவு. எனக்கு ஆரு குடுத்தா?" என்றான்.

கிணற்றடிக்குப் போய் வடக்கயிற்றைத் தோளில் போட்டான். மருதாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பின்னால் பிடித்தாள். சரிவில் இறங்கினார்கள். உருளை கிரீச்சிட்டது. பட்டியில் பத்துத் தலை நிமிர்ந்தது. சிறகை விரித்துக்கொண்டு ஓடிவந்து வாய்க்கால் கரையில் நின்றன. சால் பாதிக் கிணற்றில் நின்றது. இருவரும் சாய்ந்து இழுத்தார்கள். கால் மண்ணில் சறுக்கியது. சால் அவர்களை மேலே இழுத்துக்கொண்டு கீழே போய்விட்டது. இரண்டாவது தடவையும் அப்படித்தான்.

கோழிகள் கரையை விட்டு நகரவில்லை. காய்ந்த மண்ணையும் கிணற்றையும் மாறிமாறிப் பார்த்தன.

செபமாலையம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு வேலியைத் தாண்டி வந்து மருதாத்தாளின் பின்னால் கயிற்றைப் பிடித்தாள்.

"எங்கிட்ட வந்துருந்தா இந்நேரம் குடிச்சிருக்கும். இழு அக்கா."

மருதாத்தாள் சிரித்ததில் பிடி நழுவியது. மறுபடி பிடித்தாள். மூவரும் இறங்கினார்கள். சால் மேலே வந்து கொட்டியது. தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு வாய்க்காலில் மெல்ல வந்தது. கோழிகள் குனிந்தன, அலகை வானத்துக்குத் தூக்கி விழுங்கின, மறுபடி குனிந்தன.

"ஒம்பது," என்றார் சாம்பசிவன்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பத்தாவது குனியறதுக்குள்ளே தண்ணி மண்ணுக்குள்ளே போயிடுத்து. நான் பாக்காததை எழுத முடியாதாக்கும்."

இன்னொரு சால் இழுக்க மூவரிடமும் மூச்சு இல்லை. அதை அவரும் பார்த்தார். குடையை வேலியில் மாட்டினார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கயிற்றின் நுனியைப் பிடித்தார். மற்ற மூவரும் கிணற்றுக்கு முதுகைக் காட்டி இறங்கினார்கள். சாம்பசிவன் மட்டும் பட்டியைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே சரிவில் இறங்கினார். சால் மேலே வந்து கொட்டியதும் அங்கிருந்தே உரக்க எண்ணினார். ஐந்துவரை வேகமாக வந்தது. ஏழில் நின்றது. எட்டு. ஒன்பது. கயிறு நடுங்கியது. செபமாலையம்மாள் தான் பெயர் வைத்த ஒன்றை அழைத்து, குடித்துத் தொலையடி என்றாள்.

"பத்து," என்றார் சாம்பசிவன்.

நால்வரும் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டுவிட்டார்கள். சால் கிணற்றில் போய் விழுந்த சத்தத்துக்கு ஒரு கோழியும் தலை நிமிரவில்லை. குடித்துக்கொண்டிருந்தன.