அவித்தே விற்ற கிழங்கு

எங்கள் வீட்டுக்காரர் முருகேசன் யாருக்கும் பச்சைக் கிழங்கு கொடுக்க மாட்டார். கட்டிக்கொடுத்த மகள் அபிநயா பொங்கலுக்கு வந்தால்கூட, "அவிச்சதா எடுத்துக்கினு போம்மா" என்பார். பச்சைக் கிழங்கை மண்ணில் வைத்தால் முளைத்துவிடுமாம். முளைத்தால் கொடி ஊரெல்லாம் போய்விடுமாம். இப்படிப்பட்ட மனுஷனோடு முசரவாக்கத்தில் குடித்தனம் நடத்துகிறவள் நான், ஜெயம்மாள்.

அப்படி என்ன பெரிய கிழங்கு என்று கேட்பீர்கள். சர்க்கரைவள்ளிதான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த ருசி வேறு எதிலும் இல்லை. தோல் சிவப்பு, உள்ளே மஞ்சள், குறுக்கே வெட்டினால் நடுவில் ஊதா வளையம். வாயில் போட்டால் மாவாக உதிரும். அவித்துக் கூடையில் அடுக்கி நான் பட்டுச் சேலை நெய்கிற பிள்ளையார்பாளையம் போனால், தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு நின்று நின்று கேட்கும். "ஜெயம்மா, உன் கெழங்குக்கும் கரை போட்டிருக்குதே" என்று கேலி பேசிக்கொண்டே இரண்டுக்கு நாலாக வாங்குவார்கள். இவருக்கு அதில் தலைகால் புரியாது. இந்த ஜில்லாவிலேயே நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது என்பார், என்னவோ தானே கிழங்கைப் பெற்றெடுத்த மாதிரி.

மாமனார் இருந்தவரை அதே நிலத்தில் ஐந்தாறு ரகம் கலந்து கிடக்கும். வெள்ளை, சிவப்பு, சீக்கிரம் விளைவது, மெதுவாக விளைவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். நிலம் கைக்கு வந்ததும் இவர் வளையக் கிழங்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டார். "நல்லது ஒண்ணு இருக்கசொல்ல மத்ததெல்லாம் எதுக்கு?" என்றார். மாடுதான் சந்தோஷப்பட்டது.

எங்கள் பக்கத்தில் நடவுக்குக் கொடி கேட்பதற்கு ஒரு முறை உண்டு. வெறுங்கையோடு போகக்கூடாது. தன் நிலத்துக் கொடி ஒரு பிடி கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டுத்தான் கேட்கவேண்டும். அப்படிக் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. ஒரு வீட்டில் அழிந்துபோனது இன்னொரு வீட்டில் இருக்கட்டும் என்றுதான் பெரியவர்கள் இப்படி வைத்திருக்கிறார்கள்.

தாவீது அந்த முறைப்படிதான் வந்தார். டிராக்டர் ஓட்டுகிறவர். சுற்றுப்பட்ட ஊர்களில் எரு வாங்கி ஏற்றிப்போய் விற்பார், எங்கள் எருவும் அவருக்குத்தான். தென்னேரி ஏரிப் பக்கம் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர் குடும்பத்தில் சொந்தமாகப் பயிர் வைத்த முதல் ஆள் அவர்தான். வெள்ளைக் கொடி ஒரு கட்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்து, "ஒரு பிடி குடுங்கண்ணா, நானும் வெச்சிப் பாக்குறேன்" என்றார்.

இவர் கட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க ஆளுங்களுக்கெல்லாம் எதுக்குப்பா இந்தக் கெழங்கு?" என்றார்.

தாவீது குனிந்து கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்பே போடவில்லை. இவரும் கேட்காமல் தின்றுவிட்டுப் போனார், காரணம் தெரிந்துதான்.

அதற்குச் சில வருஷம் கழித்து, போன கார்த்திகையில் ஒரு புயல் மழை பிடித்தது. எங்கள் ஊர் ஏரி நிரம்பி வழிந்து நிலத்தில் இடுப்பளவு தண்ணீர். வடிகிறது வடிகிறது என்று இவர் தினமும் வரப்பில் போய் நின்றார். வடிந்தபோது கொடி அழுகிக் கிடந்தது, தோண்டினால் கிழங்கு கையில் கூழாக வந்தது. கிணற்று மேட்டில் விதைக்கு என்று தனியாக வைத்திருந்ததும் போயிற்று. மகள் வீட்டில், சொந்தபந்தத்தில், எங்காவது ஒரு பச்சைக் கிழங்கு இருக்குமா? எப்படி இருக்கும்? எல்லாம்தான் அவித்தாகிவிட்டதே.

அதன் பிறகு இவர் பேசுவதை விட்டுவிட்டார். கொடுத்ததைச் சாப்பிடுவார், காலி நிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார், சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். திட்டினாலாவது பரவாயில்லை என்று எனக்கு இருந்தது. இந்த ஆள் இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று நிஜமாகவே பயந்தேன்.

தை கடைசியில் வேர்க்கடலை அவித்து எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். எப்போதும் வாங்கும் காயத்ரி, தறியை விட்டு எழுந்து வந்து, "இன்னாக்கா, பொங்கலுக்கு ஆளையே காணோம்? நான் உன் கெழங்கைப் பச்சையாவே வாங்கி அவிச்சிட்டேன்" என்றாள்.

"என் கெழங்கா? பச்சையாவா?"

"அதேதான்க்கா. வெட்டினா ஊதாக் கரை. தென்னேரிலேர்ந்து சம்பூர்ணம்னு ஒரு அக்கா கொண்டாந்துச்சி. இப்ப தீந்துபோச்சாம்."

சம்பூர்ணம் யார் என்று எனக்குத் தெரியும். தாவீதின் பெண்டாட்டி. கடலைக் கூடையை அங்கேயே வைத்துவிட்டு பஸ் பிடித்து ஓடிவந்தேன்.

சொன்னதும் இவர் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தார். "திருடிட்டான்! எருவு ஏத்த வந்தவன் கொடியைக் கிள்ளிக்கினு போயிட்டான்!"

"திருடினா திருடட்டும். எங்கியோ உசுரோட இருக்குது இல்ல? போய்க் கேளுங்க."

"நானா? அவன்கிட்டியா?"

"பின்ன, நானா உங்க ஆளுங்களுக்கு எதுக்குன்னு கேட்டேன்?"

மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். நான் பின்னால் ஏறினேன். தென்னேரி ஏரிக்கரை ஏறும்போதுதான் வண்டியை நிறுத்தி, "வெறுங்கையோட எப்படிடி போறது?" என்றார். கொண்டுபோக எங்களிடம் ஒரு முழம் கொடிகூட இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை.

தாவீது நிலத்தின் ஓரத்துக் கொட்டகையில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணா, வாங்கக்கா" என்றார். சம்பூர்ணம் பாய் விரித்தாள். இவர் உட்காரவில்லை. நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பச்சை இலை, ஊதா இலை, விரல் விரலாகப் பிரிந்த இலை என்று ஐந்து விதக் கொடி அதில் கலந்து படர்ந்திருந்தது. ஒரு பாத்தியில் எங்கள் கொடி. எனக்கே அடையாளம் தெரிந்தது.

"இது எப்படிப்பா உன்கிட்ட?" என்றார். குரலில் சண்டை இருந்தது, ஆனால் பாதிதான்.

தாவீது சிரித்தார். "நீங்கதான் குடுத்தீங்க."

"நானா?"

"உங்க எருவுல வந்துச்சிண்ணா. நீங்க கேட்டதுக்கு இல்லன்னீங்களே, அதுக்கு மறு வருசம். ஒரு லோடு என் நெலத்துக்கு அடிச்சேன். மழை வுழுந்ததும் ரெண்டு மூணு எடத்துல துளிர் வந்துச்சி. இன்னான்னு பாத்தா கெழங்குத் தலை."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பச்சைக் கிழங்கை என் கையில்கூட நம்பிக் கொடுக்காமல், தானே உட்கார்ந்து தலையையும் வாலையும் நறுக்குகிறவர் இவர். நறுக்கியதைத் தானே கொண்டுபோய் எருக்குழியில் போடுவார். குழிச் சூட்டில் வெந்துவிடும் என்று கணக்கு. முளைக்கிற இடமே கிழங்கின் தலைதான் என்று தெரிந்தவர், தலையைத்தான் லோடு லோடாக வெளியே அனுப்பியிருக்கிறார்.

இவர் பாயில் உட்கார்ந்துவிட்டார். "மழையில உனக்கு ஒண்ணும் ஆவலையா?"

"ஆவாம இன்னா? பள்ளத்துல இருந்த வெள்ளை மொத்தமா போச்சி. அது தண்ணியே தாங்காது. முன்னாடி பக்கத்து ஊரு ராமராஜனுக்குக் குடுத்திருந்தேன், அவங்கிட்டேர்ந்து திரும்ப வாங்கினேன். உங்களுது மேட்டுல இருந்ததால தப்பிச்சுது. அஞ்சு இருந்தா ரெண்டு போனாலும் மூணு நிக்கும்ணா."

அப்போது கொட்டகைக்குப் பின்னாலிருந்து அவர்கள் மகள் ஏஞ்சல் கத்தினாள். "ம்மா, முருகேசன் வெந்துட்டான்! எறக்கிடவா?"

சம்பூர்ணம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா," என்றாள் சம்பூர்ணம். "அது கெழங்கோட பேரு. எங்கேர்ந்து வந்துச்சின்னு எல்லாரும் கேட்டாங்க. முருகேசன் ஊட்டு எருவுல வந்துச்சின்னு சொன்னோம். அப்படியே நின்னுபோச்சி. கொடி கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தோம். இப்ப இந்தப் பக்கம் பாதி ஊட்ல முருகேசன்தான்."

ஏஞ்சல் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது. இவர் ஒன்றை எடுத்துப் பிட்டார், ஊதா வளையம் தெரிந்தது. வாயில் போட்டவர் மெல்லவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. தாயார் செத்தபோதுகூட அழாத மனுஷன்.

"அன்னைக்கி நான் அப்படி பேசியிருக்கக் கூடாதுபா," என்றார்.

"ஆமாண்ணா. பேசியிருக்கக் கூடாது," என்றார் தாவீது. "ரொம்ப நாளு தூக்கமே வரல எனக்கு."

பரவாயில்லை என்று அவர் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. இவரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்.

பிறகு தாவீது அரிவாளை எடுத்துக்கொண்டு நிலத்தில் இறங்கினார். வளையக் கொடியை மட்டும் அறுப்பார் என்று பார்த்தால், ஐந்திலும் அறுத்து ஒரே கட்டாகக் கட்டினார். "ஒண்ணையே நடாதீங்கண்ணா" என்றார். முசரவாக்கத்தில் யார் இப்படிச் சொல்லியிருந்தாலும் இவர் ஒரு பிரசங்கமே வைத்திருப்பார். இப்போது சரி என்று தலையாட்டினார்.

"நான் எதுவும் கொண்டாரலியே, தாவீது," என்றார்.

"அடுத்த வாட்டி கொண்டாங்க. ஏதாவது ஒண்ணு எங்கிட்ட அழிஞ்சிருக்கும், அப்ப கேட்டு வருவேன்."

கட்டு கனமாக இருந்தது. வண்டி நின்ற இடம்வரை தானே கொண்டுவருவதாகத் தாவீது சொன்னார். இவர் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் குனிந்தார். தாவீது கட்டைத் தூக்கி வைத்தார்.