பசூனில் ஒரு சண்டை

ராட்னி த்வைட் அந்தப் பாட்டை எழுத ஒரு குளிர்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டான். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. எங்கள் ராக் குழுவோடு ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும். நடுவில் எல்லாம் அடங்கியபின் ஆல்ஃப் என்பவர் மட்டும் சாக்ஸஃபோனில் மனம்போன போக்கில் ஜாஸ் வாசிப்பார். அவர் நிறுத்துகிற இடத்தில் வயலின்கள் அத்தனையும் ஒன்றாக எழும்பி வரவேண்டும். அந்த வயலின் பகுதியை ஹல் நகரத்தில் தன் அம்மா வீட்டுப் பியானோவில் எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே இருப்பான். "இந்த இடத்துல ஆளுங்க அழுவாங்கடா லென்," என்பான். அதற்குள் அவன் கண்ணே கலங்கியிருக்கும்.

நான் குழுவில் பேஸ் கிட்டார். எழுபத்தொன்றாம் வருடம் மார்ச்சில், லண்டனில், வழிபாடு நின்றுபோன ஒரு சர்ச்சில் ஒலிப்பதிவு. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான். எங்கள் தலைமுடியைப் பார்த்து அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டாலும் வேலையில் குறை வைக்கவில்லை. காலைப் பகுதி நன்றாகவே போனது.

பிறகு ஆல்ஃப் வந்தார். எங்களைவிட இருபது வயது மூத்தவர். ஊரிலுள்ள நடன அரங்குகளிலெல்லாம் வாசித்தவர். ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

"என்னண்ணே இது?"

"பல்லுடா. ராத்திரி புடிச்சு குத்துது. ஒண்ணுமில்ல, வாசிச்சிடலாம்."

சாக்ஸஃபோனை வாயில் வைத்து ஒரு மூச்சு ஊதினார். அடுத்த நிமிடம் கண்ணில் நீர் வழிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தேநீர் இடைவேளை விட்டார்கள். ராட்னி வெளியே போய்த் தூறலில் படியில் உட்கார்ந்துகொண்டான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வயலின மட்டும் இப்ப எடுத்துக்குவோம். ஜாஸ அப்புறமா சேத்துக்கலாமே?"

"அவரு எங்க நிறுத்துறாரோ அங்கருந்துதான்டா அவங்க கிளம்பணும். அவரு வாசிக்கறதக் கேக்காம எதுலேருந்து கிளம்புவாங்க?"

அப்போது உள்ளே பெரிய சிரிப்பு கேட்டது. எட்டிப் பார்த்தேன். பசூன் வாசிக்கும் பெண், மியூரியல் என்று பெயர், நாற்பது வயதிருக்கும், கோல் பிடித்து ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர் மூக்கால் பேசுவதை அப்படியே தன் நீளக் குழலில் ஊதிக் காட்டிக்கொண்டிருந்தார். பசூனின் கரகரத்த குரல் அதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. நடத்துகிறவர் வாசலில் தலை காட்டியதும் மியூரியல் சட்டென்று நிறுத்தினார்.

ஆல்ஃப் சூடான கோப்பையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டே மியூரியலிடம் போனார்.

"அம்மணி, இப்ப வாசிச்சீங்களே, அது யாரு எழுதினது?"

"யாரும் எழுதல." மியூரியலின் முகம் சிவந்துவிட்டது. "சும்மா விளையாட்டு. அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லல. என் இடத்துல நீங்க வாசிங்க."

"நானா? நோட்ஸ் இல்லாம எனக்கு ஒரு சுரம்கூட வராதுங்க. ஜாஸ்லாம் எனக்குத் தெரியவே தெரியாது."

"அத விடுங்க. வீட்ல யாரு இருக்கா?"

"அக்கா. ஈனிட்."

"சண்டை வருமா?"

"வருமாவா? இன்னிக்குக் காலைலகூட! டம்ளர்ல பசூனுக்கு வச்சு ஊதற சீவாளிய ஊறப் போட்டிருந்தேன். குச்சின்னு நெனச்சு குப்பைல கொட்டிட்டா. கேட்டா, 'குடிக்கிற டம்ளர்ல கண்டதையும் போடுவியா'ங்கறா!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. வந்துட்டேன்."

"அப்ப இன்னும் பாக்கி இருக்கு. அத இங்க சொல்லுங்க. லென் கூடவே வருவான், பயப்படாதீங்க."

ராட்னியும் உள்ளே வந்து தலையாட்ட, டேப்பை ஓடவிட்டார்கள். நான் இரண்டே சுரங்களை மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். மியூரியல் முதலில் விருந்தாளி மாதிரி தயங்கித் தயங்கி ஊதினார். பிறகு மேல் சுருதியில் ஒரு கேள்வி கேட்டார். கீழே இறங்கி அக்காவின் பதிலைச் சொன்னார். மறுபடி கேள்வி, இன்னும் வேகமாக. பதில், இன்னும் அலட்சியமாக. எங்கள் டிரம்மர் டெரெக் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தான். இரண்டு குரல்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தின. மூச்சு தீர்ந்தபோது ஒரு சின்ன இடைவெளி விட்டு, மெல்ல, 'சரி, டீ போடவா?' என்பதுபோல் ஒன்றை வாசித்து நிறுத்தினார்.

வயலின்கள் வரவேண்டிய இடம் அதுதான். கோல் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. வயலின்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கைதட்டுவதற்குப் பதிலாக வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள்.

மறுபடி எடுத்தோம். "அதே மாதிரி வாசிங்க," என்றான் ராட்னி. "எது மாதிரி?" என்றார் மியூரியல் பாவமாக. இந்தத் தடவை அவர் வாசிப்பில் உயிர் இல்லை. ஆனால் வயலின்கள் பிரமாதமாக வந்தன.

மறுநாள் ஒலிப்பதிவாளர் முதல் தடவை வாசித்த சண்டையின் வாலில் இரண்டாவது தடவை வந்த வயலின்களை டேப்பில் வெட்டி ஒட்டிப் போட்டுக் காட்டினார். ஒட்டு எங்கே என்றே தெரியவில்லை. ராட்னி கண்ணை மூடிக் கேட்டான். இன்னொரு தடவை போடச் சொன்னான்.

"வேணாம்," என்றான் கடைசியில். "ரெண்டு பேரு சண்டை போட்டு சமாதானம் ஆயிட்டாங்க. அங்க போயி நான் எதுக்கு ஊரையே கூட்டிட்டு அழணும்? வயலின எடுத்துடுங்க. அவங்க சிரிச்சது, தட்டுனது, அது இருக்கட்டும்."

"டேய், உன் உயிரே அதுதானேடா," என்றேன்.

"தெரியும்டா. சும்மா இரு." மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

இசைத்தட்டு இலையுதிர் காலத்தில் வந்தது. பெரிதாக விற்கவில்லை. ஒரு பத்திரிகை எங்களைத் திட்டிவிட்டுப் பசூனை மட்டும் பாராட்டியிருந்தது; ராட்னி அதை வெட்டி மியூரியலுக்கு அனுப்பினான். மேடைகளில் ஆர்கெஸ்ட்ரா வைத்துக்கொள்ள எங்களுக்கு வழியில்லை. மியூரியல் மட்டும் விடுமுறை நாட்களில் ரயிலேறி வந்து எங்களோடு வேனில் சுற்றினார். ஆல்ஃப் சாக்ஸஃபோனோடு மேடையேற, இருவரும் அந்த இடத்தில் மாறி மாறி வாசித்தார்கள். ஒரு நாள் வாசித்தது மறுநாள் வராது. மியூரியலின் பசூன் பெட்டியை வேறு யாரும் தொட ஆல்ஃப் விடமாட்டார். "உங்களுக்கு முதுகு வலிக்கும், குடுங்க," என்று மியூரியல் பிடுங்குவார். தெருவிலேயே இழுபறி நடக்கும்.

அடுத்த வசந்தத்தில் ஹல் பதிவு அலுவலகத்தில் அவர்கள் கல்யாணத்துக்கு நானும் ராட்னியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்து மீனும் சிப்ஸும் வாங்கி, நல்ல கோட்டெல்லாம் வினிகர் சிந்த, குளிர்காற்றில் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.