சுரண்டிய சிவப்பு

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்காரர்களின் காய்ச்சலை நான் எளிதில் நம்புவதில்லை. பாதிப்பேருக்கு அது வேலைக்கு மட்டம் போடத்தான் வரும். அதனால் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்தை, வைத்தியம் பார்க்கும் என் கண்முன்னேதான் விழுங்க வேண்டும். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும்.

சடையனுக்கு நியூமோனியா என்பதையும் நெஞ்சில் குழாயை வைத்த பிறகே நம்பினேன். பெனிசிலின் ஊசி அவனுக்கு ஆகாது. போன வருடம் போட்டபோது உடம்பெல்லாம் தடித்துவிட்டது. ஆகவே புதிதாக வந்திருந்த எரித்ரோமைசின் மாத்திரையில் ஒன்றை விழுங்கவைத்து, வாயைப் பார்த்து, மீதியை அவன் மனைவி பூவாயியிடம் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. மருந்தை எறிந்துவிட்டுப் படுத்துக்கிடக்கிறான் என்ற எரிச்சலோடு லயத்துக்குப் போனேன். பூவாயி கத்தி முனையால் மாத்திரையின் சிவப்புப் பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பூச்சுப் போன மாத்திரையை அம்மியில் வைத்துப் பொடித்தாள்.

“என்ன பண்ற?”

“எல்லாருக்கும் ஊசி போடுறீங்க, இவருக்கு மட்டும் மாத்திர. சுண்ணாம்புக் கட்டிக்குச் சாயம் பூசிக் குடுத்தீங்களோன்னு சுரண்டிப் பார்த்தேங்க. மருந்து வாடை அடிச்சுது. சாயம் வயித்துக்கு ஆகாதேன்னு அத எடுத்துட்டுத்தான் கரைச்சுக் குடுக்குறேன்.”

“அடிப்பாவி! அந்தப் பூச்சு இல்லாட்டி வயித்துப் புளிப்பே மருந்தத் தின்னுடும். முழுசா முழுங்கணும்!”

பூவாயி கத்தியைக் கீழே வைத்தாள்.

“அன்னைக்கு அவரு வாயத் தொறக்கச் சொல்லி அவ்வளவு நேரம் பார்த்தீங்களே. இத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க.”