ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வகுப்பு

"நிறுத்துடீ உன் வகுப்ப! என் படம் அங்க உறைஞ்சு நிக்குது!"

பேராசிரியர் அறைக்குள்ளிருந்து போட்ட கத்தலில் அடுக்களைப் பாத்திரங்கள் எல்லாம் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தன. அவர் மனைவி மட்டும் அசையவில்லை.

நோய்க்குப் பயந்து பல்கலைக்கழகத்தைப் பூட்டிய நாள்முதல் அந்த வீட்டில் ஒரே இணைய இணைப்பு, இரண்டு வகுப்பறைகள். மேசை, மின்விசிறி, தாழ்ப்பாள் உள்ள அறை எல்லாம் அவருக்கு. அடுக்களை அவளுக்கு. ஃப்ரிட்ஜ் கதவுதான் போர்டு. அரிசி டின்மேல் சாய்த்த கைப்பேசிதான் கேமரா. அவர் குரல் கொஞ்சம் இழுத்தாலும் அவள் தன் வகுப்பைக் கலைத்துவிட வேண்டும். ஆண்பிள்ளை சம்பாத்தியத்துக்கு அந்த வீடு கொடுத்த மரியாதை அது.

இன்று அது நடக்காது. ஒப்பந்த விரிவுரையாளரான அவளை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று பார்க்கத் துறைத்தலைவரே மாணவர்களோடு திரையில் உட்கார்ந்திருந்தார்.

பாரம் ஏற்றினால் உத்தரம் எந்த இடத்தில் வளையும் என்று ஃப்ரிட்ஜ் கதவில் எழுதிக்கொண்டிருந்தாள். மாமியார் வந்து ஃப்ரிட்ஜைத் திறக்க, உத்தரம் கணக்கோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

"புருஷன் பாடத்தவிட உன் பாடம் பெருசா போச்சா?"

"அரை மணி நேரம் பொறுங்க அத்தை. பால எடுத்துட்டுக் கதவ மூடுங்க."

மூடிய கதவில்தான் அவள் நெற்றி மோதியது. மேலே கோட்டும் டையும், கீழே அரைக்கால் சட்டையுமாகப் பாய்ந்து வந்த பேராசிரியர், அவள் கூந்தலைப் பிடித்து மோதிய மோதலில் உள்ளே முட்டைகள் உடைந்தன. இன்னொரு மோதல். மூன்றாவதாக ஓர் அறை. மூக்குக்கண்ணாடி சிதறியது, புருவம் கிழிந்து ரத்தம் கணக்கின்மேல் வழிந்தது.

"சார்! விடுங்க சார்!" கைப்பேசி அலறியது. திரை நிறைய மாணவர்கள்.

அடித்த கை அந்தரத்திலேயே வணக்கம் போடும் கையாக மாறிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்லப்பா... கால் தடுக்கிட்டா."

துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "மேடம், முதல்ல கேமராவ அணைங்க. குடும்ப விஷயம். சாரோட மரியாதையையும் யோசிங்க."

"அணைடீ, மானம் போகுது!" என்றார் மாமியார்.

அவள் புறங்கையால் ரத்தத்தைத் துடைத்தாள். கீழே கிடந்த பேனாவை எடுத்தாள்.

"பாடம் முடியல சார்." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "தள்ளி நில்லுங்க. போர்டு மறைக்குது."

மலைபோல நின்றவர் தள்ளி நின்றார். திரையில் அணைந்தது ஒரே ஒரு கேமரா, துறைத்தலைவருடையது.

மாலையே உத்தரவு வந்தது. அவள் ஒப்பந்தம் முடிந்தது, வீட்டில் கற்பித்தலுக்கு ஏற்ற அமைதியை விரிவுரையாளரால் காக்க இயலவில்லையாம். வீட்டிலிருந்து கற்பிப்பதற்கான நெறிமுறைக் குழுவுக்குத் தலைவராகப் பேராசிரியரை நியமித்த உத்தரவும் கூடவே வந்தது.

மறுநாள் காலை தங்கை வீட்டு ஃப்ரிட்ஜ் முன்னால், நெற்றியில் தையலோடு அவள் கைப்பேசியை நிறுத்தினாள். சம்பளமில்லாத, எந்த அட்டவணையிலும் இல்லாத வகுப்பு. ஒரு மாணவன்கூட வராமல் இல்லை.