கடைசிப் பக்கம் இல்லாத மப்ளர்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. என் மூக்குக் கண்ணாடி மேல் சத்தியம். அது இல்லாவிட்டால் எனக்குக் கதவுக்கும் ஜன்னலுக்கும் வித்தியாசம் தெரியாது என்பதால், அதைவிடப் பெரிய சத்தியம் என்னிடம் இல்லை. சாட்சி வேண்டுமென்றால் என் மனைவி இருக்கிறாள். ஆனால் கேட்கப் போகாதீர்கள், அவளுக்கு வேலை இருக்கும்.

என் கைகளுக்கு ஒரு குணம் உண்டு. கதை தொடங்கினால்தான் வேலை செய்யும். கதை முடிந்தால் நின்றுவிடும். மனைவி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை வாய்விட்டுப் படிப்பாள். நான் எதிரே உட்கார்ந்து எதையாவது முடைவேன், பின்னுவேன், செதுக்குவேன். நடுவில் அவள் எழுந்து போக வேண்டுமானால் பக்கத்தில் ஒரு அடையாளச் சீட்டு வைப்பாள். கைகளும் மரியாதையாகக் காத்திருக்கும். ஆனால் கதை முடிந்துவிட்டதோ, வேலை எவ்வளவு பாக்கி இருந்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்டாலும் அசையாது.

ஒருமுறை நாற்காலி செய்ய உட்கார்ந்தேன். புத்தகம் ஒல்லி. மூன்றாவது காலோடு கதை முடிந்துவிட்டது. அதை முக்காலி என்று ஒப்புக்கொள்ள வீட்டில் ஒருத்தரும் தயாரில்லை. ஒற்றைக் கை ஸ்வெட்டர் ஒரு சோக நாவலால் வந்தது. கதாநாயகன் நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் செத்துப்போனான். இப்படி ஏழு அரைகுறைகள் கூடத்து அலமாரியில் சேர்ந்துவிட்டன.

போன குளிர்காலத்தில் என் மகள் அந்த அலமாரியைத் திறந்தாள். அடிப்பாகம் இல்லாத கூடை ஒன்று அவள் தலையில் விழுந்து கழுத்துவரை இறங்கியது. கூடைக்குள்ளிருந்தே பேசினாள்.

“அப்பா, உங்க வாழ்க்கையில எதையாவது முழுசா முடிச்சிருக்கீங்களா?”

“உன்னை வளர்த்தேனே.”

“அது அம்மா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பழைய சாமான்காரர் வர்றார். அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு முடிச்சுக் காட்டுங்க. இல்லைன்னா எல்லாத்தையும் அலமாரியோட தூக்கிக் கொடுத்துடுவேன்.”

அரையோ குறையோ, அவை நான் பெற்ற பிள்ளைகள். ஆனால் கூடைக்குள் இருப்பவரிடம் பாசம் பேசுவது எளிதல்ல.

மனைவி என் பக்கம். நூலகத்துக்குப் போய், இருப்பதிலேயே தடியான துப்பறியும் நாவலை இரண்டு கைகளாலும் தூக்கிவந்தாள். ஒரு பெரிய வீட்டில் சுவர்க் கடிகாரம் காணாமல் போகிறது. எண்ணூறு பக்கத்துக்கு அதைத் தேடுகிறார்கள். நான் ஊசியில் நாற்பது கண்ணி போட்டு ஒரு மப்ளரைத் தொடங்கினேன்.

“மப்ளர் முடிஞ்சும் கதை மிச்சம் இருக்கும், பாருங்க,” என்றாள்.

ஞாயிறு காலை மப்ளர் கச்சிதமான நீளத்துக்கு வந்திருந்தது. கதையும் உச்சத்துக்கு வந்திருந்தது. துப்பறிபவர் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, விரலை நீட்டி, “கடிகாரத்தை எடுத்தவர்...” என்றார். மனைவி ஆவலோடு தாளைத் திருப்பினாள். பின்னட்டை வந்தது.

“ஏங்க, கடைசித் தாளைக் காணோம்!”

கதை முடியவில்லை. அதனால் கைகளும் நிற்கவில்லை. மனைவி அவசரமாக அடையாளச் சீட்டை எடுத்தாள். இல்லாத பக்கத்தில் அதை எங்கே வைப்பது?

கம்பளி நூல் உருண்டைகள் தீர்ந்தன. மனைவியின் சால்வை பிரிந்து ஊசியில் ஏறியது. அடுத்து என் காலுறைகள், நான் போட்டிருந்தபடியே. மப்ளர் மடியிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து ஜன்னலுக்கும் போய், வெளியே விழுந்தது. எங்கள் தெரு சரிவானது. அது பாட்டுக்கு இறங்கிப் போயிற்று. எதிர்க்கடைத் தையல்காரர் அளவு நாடாவோடு கூடவே ஓடி அளந்தார்; பாதி வழியில் நாடாவின் எண்கள் தேய்ந்துவிட்டதால் திரும்பிவிட்டார்.

“நிறுத்துங்கப்பா!” என்றாள் மகள்.

“கதை முடியலையேம்மா.”

வாசலில் பழைய சாமான்காரரின் வண்டி வந்து நின்றது. “அலமாரியை இறக்கலாமா?” என்று கேட்டார். மணி பன்னிரண்டாக ஐந்து நிமிஷம்.

இதற்குள் மப்ளரின் முனை தெருக்கோடி நூலகத்துக்குள் நுழைந்து, மேசையைச் சுற்றி, நூலகத்து அம்மாவின் கழுத்தில் ஏறியிருந்தது. இதமாக இருக்கிறதே என்று அவர் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். இன்னொன்று. யார் வீட்டுது என்று பார்க்க, சுற்றிக்கொண்டே சரிவில் ஏறினார். எங்கள் வாசலுக்கு வந்தபோது சுருட்டிய மெத்தை போலிருந்தார். நாங்கள் மூவரும் இழுத்தும், சாமான்காரர் பின்னாலிருந்து தள்ளியும் உள்ளே கொண்டுவந்தோம்.

புத்தகத்தைப் பார்த்ததும் நூலகத்து அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “அட, இதோட கடைசித் தாள் என் பையிலதான் இருக்கு. போன மாசமே கழண்டு விழுந்துச்சு. கடிகாரத்தை எடுத்தது யாருன்னா...”

மனைவி பாய்ந்து மப்ளராலேயே அவர் வாயைப் பொத்தினாள்.

“சொல்லிடாதீங்க! கடைசி வரிசையில நாப்பது கண்ணியையும் மூடலைன்னா மொத்தமும் பிரிஞ்சிடும். நீங்க முடிச்சா இவர் கை நின்னுடும். ஒரு கண்ணிக்கு ஒரு வார்த்தையா படிங்க.”

நூலகத்து அம்மா தாளை எடுத்துப் படித்தார். ஒரு வார்த்தை, ஒரு கண்ணி. சாமான்காரரும் வாயைப் பிளந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுச் சொந்தக்காரரே கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு மறந்திருந்தார்.

“எனக்கு அப்பவே தெரியும்,” என்றார் சாமான்காரர். அவர் கேட்டதே அந்த ஒரு பக்கம்தான்.

“இதுக்கா எண்ணூறு பக்கம்!” என்றாள் மனைவி.

ஆனால் தாளில் இருந்தவை முப்பத்தேழு வார்த்தைகள். மூன்று கண்ணிகள் பாக்கி. என் விரல்கள் தளரத் தொடங்கின. மகள் அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சட்டென்று தாளைப் பிடுங்கி, அடியில் பொடி எழுத்தில் இருந்ததை, துப்பறிபவரின் குரலிலேயே படித்தாள்:

“அனைத்து... உரிமைகளும்... பாதுகாக்கப்பட்டவை!”

நாற்பதாவது கண்ணி மூடியது. மணி பன்னிரண்டு அடித்தது.

மகள் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். “முடிஞ்சுதான் இருக்கு,” என்று என் தலையைத் தடவினாள். சாமான்காரர் வெறும் வண்டியோடு, முதல் பக்கத்திலிருந்து படிக்க அந்த நாவலை வாங்கிக்கொண்டு போனார். நூலகத்து அம்மாவை அவிழ்த்து முடிக்க எங்களுக்குச் சாயங்காலம் ஆயிற்று.

நேற்று மகள் வந்து அலமாரியைத் துடைத்தாள். உள்ளே அரைகுறைகள் எட்டு இருந்தன; எட்டாவது, அதே நாற்பது கண்ணியோடு, ஊசி குத்தியபடியே கிடந்த ஒரு சாண் மப்ளர்.