சரவணையில் ஓடிய படம்

எங்கள் ஊரில் சண்டை வராது என்று நம்பித் தொடங்கிய ஒரே காரியம் பழைய படங்களுக்கு வாக்குப் போடுவதுதான்.

முதலில் 'இந்த வருடத்தின் சிறந்த படம்' என்றுதான் வைத்தார்கள். பொடியன்கள் ஆளுக்கொரு நடிகரைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள். முதல் வருடமே வாசிகசாலைக் கதிரைகள் சிலவற்றுக்குக் கால் போய்விட்டது. இதை நடத்துகிற ரசிகர் வட்டத்தின் தலைவர் சசிகரன் ரியூசனில் கணிதம் படிப்பிக்கிறவர். எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பார். இனிமேல் பழைய வருடங்களுக்கு மட்டும்தான் வாக்கெடுப்பு என்று அறிவித்துவிட்டார். கதாநாயகனுக்குத் தலைமயிர் கொட்டியிருக்கும், ரசிகனுக்கு முழங்கால் தேய்ந்திருக்கும், பிறகு யார் யாரோடு அடிபடுவது என்பது அவருடைய கணக்கு.

அன்றிலிருந்து பொங்கல் முடிந்த ஞாயிறு ஒரு வருடத்தை எடுப்பார்கள். விரும்பியவர்கள் படத்தின் பெயரைக் கொடுக்கலாம். கொடுத்த படங்களை வாசிகசாலை ரீவியில் போட்டுக் காட்டுவார்கள். பிறகு படத்துக்கு ஒரு பிஸ்கற் தகர ரின், ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. பிடித்த ரின்னுக்குள் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். தேர்தல் அதிகாரி எங்கள் பக்கத்து வீட்டு வைத்திலிங்கத்தார். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், உண்மையான தேர்தல்களிலேயே கடமை செய்தவர். புளியங்கொட்டை எண்ணுகிற வேலைக்கும் அயன் பண்ணிய சேர்ட்டோடுதான் வருவார்.

இந்த முறை எடுத்த வருடம் எண்பத்தொன்பது. வைத்திலிங்கத்தாரின் மனைவி சறோஜினிதேவி, எங்களுக்குச் சறோசக்கா, எழும்பி நின்று பெயர் கொடுத்தார்.

"செங்கமலத்தின் சத்தியம்."

வைத்திலிங்கத்தார் மேசையில் பேனையை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் கதிரையை இழுத்துக்கொண்டு முன்னுக்குப் போனேன். ஏனென்றால் இந்தக் கதை எனக்குத் தெரியும். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். ஒட்டுக்கேட்க வேண்டிய தேவை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை, அவர்களே சத்தமாகத்தான் கதைப்பார்கள்.

அந்தப் படம் வந்தபோது இரண்டு பேருக்கும் கலியாணமாகிக் கொஞ்சக் காலம். மனிசன் கொழும்பில், அக்கா எங்கள் ஊர் சரவணையில். அவர் அங்கே தியேட்டரில் பார்த்தார். அக்கா இங்கே தன் கூட்டாளி கோசலாவின் வீட்டு முற்றத்தில் பார்த்தார். அல்லைப்பிட்டி லியோன் அந்த நாளில் ரீவி, டெக், ஜெனரேற்றர் எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஊர் ஊராகப் படம் போடுகிறவர். லீவில் வந்த புருசனைப் படலையடியில் கண்டதும் அக்கா ஆசையாகச் சொல்லத் தொடங்கிய முதற்கதையே இந்தப் படம்தானாம்.

அக்கா பார்த்த படத்தில், கதாநாயகன் போகிற கார் பாலத்தடியில் பிரளும். முகம் சிதைந்துவிடும். டொக்டர் ஒபரேசன் செய்து புது முகம் வைப்பார். பிறகு கதாநாயகன் லொறி ஓட்டி, வில்லனை ஒழித்து, செங்கமலத்தைக் கைப்பிடிப்பான். செங்கமலத்துக்கும் புது முகம், ஏனென்றால் அவளும் அதே காரில்தான் வந்தவள்.

வைத்திலிங்கத்தார் பார்த்த படத்தில் ஒபரேசனும் இல்லை, லொறியும் இல்லை. கடைசியில் கதாநாயகன் செத்துப்போவான்.

"நீர் இடையிலை நித்திரை கொண்டிருப்பீர்," என்றாராம் மனிசன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அக்கா அவருக்கு எந்தப் படத்தின் கதையும் சொன்னதில்லை. பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, கனடாவுக்கும் போய்விட்டார்கள். ஆனால் வீட்டில் கறிக்கு உப்புக் கூடினாலும், பாங்குப் புத்தகம் காணாமல் போனாலும், மனிசன் அதைத்தான் எடுப்பார். "அண்டைக்குப் படம் பார்த்த மாதிரித்தானே இதையும் பார்த்திருப்பீர்." கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அக்கா சிரித்து நான் காணவில்லை.

படம் முதலாவதாக வரவேண்டும் என்ற ஆசையெல்லாம் அக்காவுக்கு இல்லை. வாசிகசாலையில் நாலு பேருக்கு முன்னால் அந்தப் படம் ஓடவேண்டும். அந்தக் கார் பிரளவேண்டும். அந்த மனிசன் வாயைத் திறந்து "நீர் சொன்னது சரி" என்று ஒருமுறை சொல்லவேண்டும்.

ஓடாத படமாகையால் எங்கும் அகப்படவில்லை. வட்டத்தில் தேடித் துழாவுகிற வேலை பிரியவதனிக்கு. பிரதேச செயலகத்தில் வேலை பார்க்கிற பிள்ளை, வேலை நேரத்தில் என்ன செய்கிறாள் என்று நான் கேட்கப் போவதில்லை. வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் இருக்க, யாரோ புண்ணியவான் யூரியூப்பில் ஏற்றியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். வாக்கெடுப்பு நாளான ஞாயிறு பின்னேரமே படத்தைப் போட்டுவிட்டு, உடனேயே வாக்கு என்று முடிவாகியது.

அன்றைக்கு அக்கா நாவல் நிறச் சேலை கட்டியிருந்தார். கோயில் கொடியேற்றத்துக்குக் கட்டுகிற சேலை. நான் ஒன்றும் சொல்லவில்லை. கோசலா சொன்னாள்.

"என்ன சறோசக்கா, படம் பாக்க வந்தனியளோ, பொம்பிளை பாக்க வந்தனியளோ?"

"வாயை மூடிக்கொண்டு படத்தைப் பார். நீயும் அண்டைக்கு இருந்தனிதானே."

"இருந்தனான், இருந்தனான். ஒபரேசன் எனக்கும் ஞாபகம். அம்மாக்காரிக்கும் முகம் மாறினதல்லோ?"

"அவ பின்சீற்றிலை இருந்தவ."

வைத்திலிங்கத்தார் தொண்டையைச் செருமினார். "அது காரோ, தட்டிவானோ? எத்தினை பேரை ஏத்தினவங்கள்?"

சபை சிரித்தது. லியோனும் வந்திருந்தார். இப்போது கடலுக்குப் போகிறவர், ஆனாலும் இந்த வாக்கெடுப்பு நாளில் வலையை மகனிடம் விட்டுவிட்டு அல்லைப்பிட்டியிலிருந்து மோட்டச்சைக்கிளில் வந்துவிடுவார். வழக்கமாக முன்வரிசையில் இருந்து பாட்டுக்குத் தாளம் போடுகிற மனிதர். அன்றைக்கு என்னவோ கடைசி வரிசையில், கதவோரமாக இருந்தார்.

படம் ஓடியது. பாதி வரைக்கும் அக்கா சொன்னபடியே எல்லாம் வந்தது. செங்கமலம் கிணற்றடியில் சத்தியம் செய்தாள், வில்லன் காணி உறுதியைக் களவெடுத்தான், குடும்பமே காரில் ஏறியது. அக்கா கதிரை நுனிக்கு வந்துவிட்டார். கார் பாலத்துக்குக் கிட்டப் போனது.

பாலத்தைத் தாண்டிப் போனது.

ஒரு கீறல்கூட விழவில்லை. கதாநாயகன் பழைய முகத்தோடேயே இறங்கி, பழைய முகத்தோடேயே அழுது, பழைய முகத்தோடேயே செத்தும் போனான். லொறி என்று ஒரு சில்லுகூட வரவில்லை.

வெளிச்சம் போட்டார்கள். பிறகு கோசலா தொடங்கினாள்.

"உது வெட்டின கொப்பி. யூரியூப்பிலை எல்லாத்தையும் வெட்டிப்போட்டுத்தான் விடுவாங்கள்."

"வெட்டலாம் அக்கா," என்றாள் பிரியவதனி மெதுவாக. "ஆனா செத்தவரை எழுப்பி லொறி ஓட விட்டது ஆர்?"

அக்கா கைப்பையின் சிப்பைத் திறந்தார், பூட்டினார், திறந்தார். "எனக்குத்தான் மாறிப்போச்சுப் போல," என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. இத்தனை வருடமும் விட்டுக்கொடுக்காத மனிசி அப்படிச் சொன்னது எனக்கே என்னவோபோல் இருந்தது.

அப்போதுதான் கதவடியில் ஒரு கதிரை கிறீச்சிட்டது.

"அக்காவுக்கு ஒண்டும் மாறேல்லை," என்றார் லியோன். "மாறினது கசெற்."

எல்லாரும் திரும்பினோம்.

"எங்கடை ஊரிலை ஒரு கலியாண வீட்டுக்கு அந்தக் கசெற்றைக் குடுத்தனான். அங்கை எவனோ ஒருத்தன் பின்பாதிக்கு மேலை வேறை படத்தைப் பதிஞ்சுபோட்டான். எனக்குத் தெரியாது. இஞ்சை கோசலா வீட்டு முத்தத்திலை ஓடேக்கைதான் கண்டனான். கார் பாலத்துக்குக் கிட்டப் போகுது, டப்பெண்டு கோடு விழுகுது, ஆசுப்பத்திரிக் கட்டிலிலை வேறை ஒருத்தன் படுத்திருக்கிறான். முத்தம் நிறையச் சனம். நான் என்ன செய்ய? மைக்கைக் கையிலை எடுத்தன்."

"எடுத்து?" என்றார் சசிகரன்.

"கார் பிரண்டுபோச்சு, ஒபரேசன் செய்து முகம் மாத்தியாச்சு எண்டன்."

"செங்கமலத்துக்கு?"

"அவவும் காரிலைதானே வந்தவ."

"பேருகள் எல்லாம் மாறியிருக்குமே, லியோன் அண்ணை?"

"வில்லனுக்குத் தெரியாமல் இருக்கப் பேரையும் மாத்திப்போட்டினம் எண்டு சொன்னனான். சனம் சரியெண்டு தலையாட்டினது. அது சின்ன ரீவி, பின்னுக்கு இருந்தவைக்கு முகமே தெரியாது. படம் முடியக் கை தட்டினவை. கை தட்டின சனத்திட்டைப் போய் நான் என்னெண்டு சொல்லுறது?" லியோன் அக்காவைப் பார்த்தார். "இவர் உங்களை இப்பிடிச் சொல்லிக்கொண்டு திரியிறார் எண்டு எனக்குத் தெரியாது அக்கா. தெரிஞ்சிருந்தால் அப்பவே வந்து சொல்லியிருப்பன். அந்த லொறிப் படம் என்ன பேரெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

வாசிகசாலை கொதித்தது. சிரித்தவர்கள் பாதி, லியோனை ஏசினவர்கள் பாதி, இரண்டையும் செய்தவள் கோசலா. சசிகரன் மேசையில் தட்டி அமைதியாக்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். ஒட்டிய படத்துக்கு வாக்குப் போட ஏலாது. அப்படி ஒரு படம் வரவேயில்லை.

"வந்தது," என்றாள் கோசலா. "சரவணைக்கு வந்தது. என்ரை வீட்டு முத்தத்திலை வந்தது. நீர் அப்ப பால்போத்திலோடை தவண்டு திரிஞ்சனீர், உமக்குத் தெரியாது."

இனி வைத்திலிங்கத்தாரின் முறை. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெல்லுகிற ஆளுக்கு ஒரு முகம் இருக்குமே, அந்த முகம் வரும் என்று காத்திருந்தேன். கடைசியில் அவர் சொன்னபடிதான் படம் முடிந்தது, செத்தவன் செத்தவன்தான். ஆனால் மனிசன் அக்காவின் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிப் திறக்கிறது, பூட்டுகிறது.

பிறகு எழும்பினார். மேசைக்குக் கீழே குனிந்து வெறும் ரின் ஒன்றை எடுத்தார். ஒரு தாளில் எழுதி, பசை பூசி, ரின்னில் ஒட்டினார். தேர்தல் அதிகாரியல்லவா, எழுத்து நேராக வந்திருக்கிறதா என்று தூரப் பிடித்தும் பார்த்தார். பிறகு மற்ற ரின்களின் வரிசையில் வைத்தார்.

'சறோஜினிதேவி பார்த்த படம்.'

"அண்ணை, விதி..." என்று சசிகரன் இழுத்தார்.

"தம்பி, தேர்தல் அதிகாரி நான்." மனிசன் சபையைப் பார்த்துத்தான் கதைத்தார், ஆனால் குரல் வழக்கமான கந்தோர்க் குரலாக இல்லை. "இவ நித்திரை கொள்ளேல்லை. கண் முழிச்சிருந்து பார்த்தவ, பார்த்ததைச் சொன்னவ. இவ சொன்னது சரி. நான்தான் கேக்கேல்லை."

இதைச் சொன்னபோது அக்காவின் முகத்தை நன்றாகப் பார்க்கவேண்டும் என்று எட்டினேன். முன்னுக்கிருந்தவரின் தலை மறைத்துவிட்டது. கைப்பை மட்டும் தெரிந்தது. சிப் பூட்டியிருந்தது.

அந்த ரின் இரண்டாவதாக வந்தது. பொடியன்கள் கூடிப்பேசி வேறொரு அடிதடிப் படத்தை முதலாவதாக்கிவிட்டார்கள். கோசலா இரண்டு கொட்டை போட்டதை நான் கண்டேன், யாருக்கும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். வைத்திலிங்கத்தார் தன்னுடைய கொட்டையை எதற்குள்ளும் போடவில்லை. சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டார். பார்க்காத படத்துக்கு வாக்குப் போட ஏலாதாம்.

அடுத்த நாள் மத்தியானம் நான் வேலியோரம் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். முருங்கை மரம் மற்றப் பக்கத்து வேலியில்தான் நிற்கிறது, அது வேறு விஷயம். பக்கத்து வீட்டில் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. மனிசன் குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"இஞ்சாரும். அந்தப் படத்தை ஒருக்காச் சொல்லுமன்."

"எனக்கு வேலை கிடக்கு."

"வேலையைச் செய்துகொண்டு சொல்லும்."

தேங்காய் துருவுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது.

"இடையிலை கதைக்கக்கூடாது."

"கதைக்கேல்லை."

"நித்திரையும் கொள்ளக்கூடாது."

"சொல்லும் எண்டுறன்."

அக்கா தொடங்கினார். கிணற்றடியிலிருந்து, செங்கமலத்தின் சேலை நிறத்திலிருந்து தொடங்கினார். முதற்பாதியை மனிசனும் பார்த்ததுதானே, விறுவிறென்று தாண்டிவிடுவார் என்று நினைத்தேன். தாண்டவில்லை. மனிசனும் இது எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

"ம்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "பிறகு?" என்றார்.

"பிறகு ஒரு பாட்டு."

"பாட்டை விட்டிட்டு ஒபரேசனுக்கு வாருமன்."

"பாட்டில்லாமல் என்ன படம்? விருப்பமெண்டால் இருந்து கேளுங்கோ, இல்லாட்டிப் போய்ப் பேப்பரைப் படியுங்கோ."

மனிசன் போகவில்லை. அக்கா பாடினார். குரல் அப்படி ஒன்றும் விசேஷமில்லை, இரண்டாவது அடியில் சொல் மறந்து முனகினார். ஒபரேசன் வருவதற்குள் இன்னும் இரண்டு பாட்டு வந்தது. அவ்வளவையும் அந்த மனிசன் இருந்து கேட்டார். என் அடுப்பில் சோறு அடிப்பிடித்து மணக்கத் தொடங்கியது. லொறி வருகிற இடத்தில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.